ஒன்பது இடங்கள்

வேண்டாம் சார், பையை மேலே வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். உங்களுக்கு இடிக்கிறதென்றால் சொல்லுங்கள், ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொள்கிறேன். உள்ளே இருப்பது லேப்டாப். என்னுடையது இல்லை, கம்பெனியுடையது. ஆத்தூரில் ஒரு வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டு வருகிறேன். நாளைக் காலை சென்னையில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.

நீங்கள் எதில் இருந்தீர்கள்? கோர்ட்டிலா? நல்லது. அப்படியென்றால் விதி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் மனைவிக்கு விளக்கிப் பார்த்தேன், முடியவில்லை. "ஒரு கட்டத்துல ஒரு டிக் போட்டிருந்தா குடியா முழுகிப் போயிருக்கும்?" என்கிறாள். ஒரு மாதமாக அதையே சொல்கிறாள். தோசை வைக்கும்போதுகூடச் சொல்கிறாள்.

என் வேலை என்னவென்றால், கம்பெனி ஆட்களுக்குக் கம்ப்யூட்டரில் ஏதாவது தகராறு என்றால் போன் செய்வார்கள், நான் சரி செய்து கொடுப்பேன். பதினோரு வருஷம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் இல்லையா, அவர்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் போக ஒரு தனிப் பாதை இருக்கிறது. வி.பி.என். என்பார்கள். சுரங்கப்பாதை மாதிரி. இந்த முனையில் வீடு, அந்த முனையில் ஆபீஸ், நடுவில் யாரும் எட்டிப்பார்க்க முடியாது. எனக்கு வரும் போனில் பாதி இந்தச் சுரங்கம் திறக்கவில்லை என்றுதான் வரும். ஒருவர் அரை மணி நேரம் என்னோடு மல்லுக்கட்டினார். கடைசியில் மோடத்தில் என்ன விளக்கு எரிகிறது என்று கேட்டேன். "எங்க சார் எரியும், காலையிலேர்ந்து கரண்டே இல்லையே" என்றார். இப்படித்தான் ஓடும்.

ஆத்தூர்க்காரர் பெயர் தெய்வசிகாமணி. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளிப் பதிவுகளைச் சரிபார்க்கும் பிரிவு. பதினாறு வருஷ சர்வீஸ். அவர் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது ஒரு பெண்.

"சார், வி.பி.என். கனெக்ட் ஆகமாட்டேங்குது."

வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டேன். இன்டர்நெட் வருகிறதா? வருகிறது. மோடத்தை அணைத்துப் போட்டீர்களா? போட்டாயிற்று. செல்போன் இணைப்பில் முயன்றீர்களா? அதிலும் அதேதான். லேப்டாப்பில் மணி, தேதி சரியாக இருக்கிறதா? சரியாக இருக்கிறது, பார்த்துவிட்டேன் என்றார். நான் கேட்பதற்கு முன்பே செய்து வைத்திருந்தார். எனக்கு மரியாதையே வந்துவிட்டது. கடைசியில் திரையில் வரும் வாசகத்தைப் படிக்கச் சொன்னேன். படித்தார். விஷயம் இவ்வளவுதான், பாஸ்வேர்டு காலாவதி ஆகிவிட்டது.

தொண்ணூறு நாளைக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் சார். பத்து நாள் முன்னாலிருந்தே நினைவூட்டும். கெடு தாண்டிவிட்டால் பெரிய சிக்கல். பாஸ்வேர்டு மாற்ற உள்ளே போக வேண்டும். உள்ளே போக பாஸ்வேர்டு வேண்டும். வெளியே இருந்து நான்தான் திறந்துவிட வேண்டும்.

"தினமும் ஞாபகப்படுத்திச்சு சார். மாத்தப் போனா வேற ஏதாச்சும் கேக்குமோன்னு பயந்து விட்டுட்டேன்" என்றார்.

நீங்கள் யார் என்று அப்போதுதான் கேட்டேன். "அவர் வீட்டுக்காரி சார். அமுதவல்லி."

அவரைப் பேசச் சொல்லுங்கள் என்றேன். தொண்டை கட்டியிருக்கிறது என்றார். பரவாயில்லை, பெயரையும் ஊழியர் எண்ணையும் சொன்னால் போதும் என்றேன். நடந்து போகும் சத்தம். பிறகு, "ஏங்க, பேசுங்க. பேர மட்டும் சொல்லுங்க" என்று குரல் கேட்டது. அப்புறம் மூச்சு. நீளமாக ஒரு "ஆ". மறுபடி மூச்சு.

அந்த அம்மா போனை வாங்கிக்கொண்டு, "கேட்டுதா சார்?" என்றார்.

கேட்டது என்றேன். என்ன கேட்டது என்று சொல்லவில்லை. படிவத்தில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். எழுதினேன். 'அழைத்தவர் மனைவி. ஊழியரின் குரல் உறுதி செய்யப்படவில்லை.' உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஒரு வார்த்தை கூடுதல் இல்லை, குறைவு இல்லை. நீங்களே சொல்லுங்கள், கோர்ட்டில் இருந்தவர்.

குரலை உறுதி செய்ய முடியாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. வேலையில் சேர்ந்த அன்று எல்லோரும் ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். ரகசியக் கேள்வி. அதற்குச் சரியான பதிலைச் சொன்னால் திறந்துவிடலாம். ஒரு நாளைக்கு மூன்று முறை சொல்லிப் பார்க்கலாம். மூன்று நாள். ஒன்பதும் தப்பென்றால் கேஸ் தானாகவே மேலே போய்விடும். தெய்வசிகாமணியின் கேள்வி, 'உங்களால் மறக்க முடியாத இடம் எது?'

"ஆத்தூர்" என்றார் உடனே. தப்பு. "சேலம்?" தப்பு. "சென்னை. வேலைக்குச் சேர்ந்த ஊரு." அதுவும் தப்பு.

"நாளைக்குப் போன் பண்ணுங்க மேடம்" என்றேன்.

போனை வைக்கவில்லை. எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார். நான் கேட்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் பல் தேய்க்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. காது கேட்கும், எல்லாம் புரியும், பேச மட்டும் வராது. இருந்த லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. வேலை போனால் கம்பெனி இன்சூரன்ஸும் போய்விடும். அதை வைத்துத்தான் ஆஸ்பத்திரி, மாத்திரை, வீட்டுக்கு வந்து கை கால் பழக்கிவிடும் பெண், எல்லாம். அதனால் நாற்பது நாளாக அவர் வேலையை இந்த அம்மா செய்துகொண்டிருந்திருக்கிறார்.

"ரெண்டு வருஷமா பக்கத்துல உக்காந்து காய் நறுக்கிக்கிட்டே பாத்திருக்கேன் சார். ஒரு தப்பு வரல. வேணும்னா பாருங்க. போன மாசம் அவர் பேருக்குப் பாராட்டு மெயில் வந்துச்சு."

நான் பார்த்தேன் சார். உண்மைதான். வந்திருந்தது.

"நல்லா நடக்க வெச்சிடலாம்னு அந்தப் பொண்ணு சொல்லுது சார். ஆறு மாசம் ஆகுமாம். ஆறு மாசம் மட்டும் இதை ஓட்டிட்டா போதும்."

"நாளைக்கு யோசிச்சு வெச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க" என்றேன்.

இப்போது உங்களிடம் ஒன்று சொல்கிறேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை, மனைவியைத் தவிர. அந்தப் பதில் என் திரையில் தெரியும். கேள்விக்குக் கீழேயே இருக்கும். அவர் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? ஏ, எஸ், டி, எஃப். அவ்வளவுதான். நான்கு எழுத்து. கீபோர்டில் இடது ஓரத்தில் அடுத்தடுத்து இருக்குமே, அந்த நான்கு. வேலைக்குச் சேருகிற அன்றைக்கு நாற்பது படிவம் நிரப்ப வேண்டும் சார். சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கும். கைக்குக் கிடைத்ததை அழுத்திவிட்டுப் போயிருக்கிறார். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒருவர் பிடித்த உணவுக்கு வெறும் புள்ளியாக வைத்திருந்தார்.

மறுநாள் சரியாகப் பத்து மணிக்கு அந்த அம்மா கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார், கணவரும் கேட்கட்டும் என்று. ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது.

"சார், இடம்னா ஊராத்தான் இருக்கணும்னு இல்லல்ல?"

"இல்லை மேடம்."

"அப்ப இது சரியா இருக்கும் சார். வாணி இன்ஸ்டிட்யூட். ஆத்தூர்ல, கடைவீதி மாடியில. டைப்ரைட்டிங். நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டதே அங்கதான். சாயங்காலம் அஞ்சு டு ஆறு. அவரு ஹையர், நான் அப்பதான் லோயர் சேந்தேன். அவரு மிஷின் எனக்கு நேர் பின்னால. நான் தப்பா அடிச்சா சிரிக்க மாட்டாரு சார், அதான் குசும்பு. முதல் நாள் சொல்லித்தர பாடத்தை எடுத்து டக்கு டக்குன்னு சத்தமா அடிப்பாரு. திரும்பத் திரும்ப அதையே. நீ போய் முதல்லேர்ந்து கத்துக்கன்னு சொல்றாராம். கல்யாணத்துக்கு அப்புறமும், சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னா வாய் தொறந்து சொல்ல மாட்டாரு. சாப்பாட்டு மேஜையில அதைத்தான் தட்டுவாரு."

நான் சிரித்துவிட்டேன். அந்த அம்மாவும் சிரித்தார். வாணி இன்ஸ்டிட்யூட் என்று அடித்துப் பார்த்தேன். தப்பு. அடித்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அடிக்க வேண்டும், அது பதிவாகும்.

"இல்லியா?" என்றார். நம்பவில்லை. "நல்லாப் பாருங்க சார்."

பிறகு பழனி. மகளுக்கு மொட்டை போட்ட இடம். தப்பு. பிறகு கன்னியாகுமரி. மூன்று நாள் இருந்தார்களாம், மூன்று நாளும் மழை, சூரியனையே பார்க்கவில்லை, அறைக்குள் உட்கார்ந்து சீட்டு விளையாடினார்களாம். தப்பு.

"இவரு வேற, நீங்க கேள்வி கேட்டதிலேர்ந்து இடது கையை மெத்தையில தட்டிக்கிட்டே இருக்காரு. தண்ணி குடுத்தேன், வேணாம்னு தலையாட்டறாரு. என்னதான் வேணும் உங்களுக்கு? இருங்க, பேசிக்கிட்டிருக்கேன்ல."

அன்றைக்கு நான் மதியம் சாப்பிடவில்லை சார். சொல்லாமலும் இருக்க முடியவில்லை, சொல்லவும் முடியாது. முதல் எழுத்தை மட்டுமாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினார். எல்லா அழைப்பும் பதிவாகும். பதினோரு வருஷத்தில் என் பெயரில் ஒரு குறை கிடையாது. ஆனால் ஒன்று, நான் அவசரப்படுத்தவில்லை. ஒரு அழைப்புக்கு எட்டு நிமிஷம் என்று கணக்கு. நான் நாற்பது நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு யாராவது இருந்தால் கேட்டிருப்பார்களா?

மூன்றாம் நாள் குரல் வேறு மாதிரி இருந்தது. மகள் பிறந்த ஆஸ்பத்திரியைச் சொன்னார். தப்பு. முதன்முதலில் குடித்தனம் போன வீட்டின் தெருவைச் சொன்னார். மாட்டுக் கொட்டகையை இடித்துக் கட்டிய வீடாம், மழை பெய்தால் வாசனை வருமாம். தப்பு. ஒன்றுதான் பாக்கி.

"சார், ஒண்ணு கேக்கறேன். ஒரு ஆம்பளை எதை எழுதுவாரு? நீங்க எதை எழுதினீங்க?"

"அதைச் சொல்லக்கூடாது மேடம்."

"சரி. அவங்க அம்மா ஊரு. தம்மம்பட்டி."

தப்பு.

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான் மேடம். இனிமே மேலே இருக்கறவங்க பேசுவாங்க."

"இருபத்தோரு வருஷம் சார்" என்றார். அத்தோடு போனை வைத்துவிட்டார்.

அந்தக் கட்டம் என்று சொன்னேன் இல்லையா. படிவத்தின் கடைசியில் இருக்கும். 'ஊழியரை நேரில் அறிவேன்' என்று. அதில் டிக் போட்டால் கேள்வியில்லாமலே திறந்துவிடலாம். ஆனால் எனக்கு அவரை நேரில் தெரியாது. தெரியாதவரைத் தெரியும் என்று எப்படிப் போடுவது? மனைவிக்கு இது புரியவில்லை.

மேலே இருந்தவர்கள் என் குறிப்பைப் படித்தார்கள். வீடியோவில் வரச்சொல்லிக் கேட்டார்கள். அந்த அம்மா அவருக்குச் சட்டை மாட்டி, தலை சீவி, தலையணை வைத்து உட்கார வைத்திருந்ததாகச் சொன்னார்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லையாம். கௌரவமாகத்தான் வேலையிலிருந்து அனுப்பினார்கள். உடல்நிலை காரணமாக என்றுதான் கடிதம். வேறு ஆள் அவர் பெயரில் வேலை பார்த்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதற்காக நான்கூட மேலதிகாரியிடம் நன்றி சொன்னேன்.

லேப்டாப்பைக் கூரியரில் வாங்கிவிடலாம். நானே போகிறேன் என்றேன். அந்த அம்மாவை ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது.

இன்று காலை போனேன். சின்ன வீடு. முன்னறையிலேயே கட்டில் போட்டிருக்கிறார்கள். அவர் படுத்திருந்தார். ஜன்னல் கம்பியில் ஒரு கப்பி கட்டி அதில் கயிறு தொங்கியது, விழுந்த கையைத் தூக்கிப் பழகுவதற்கு. அந்தக் கயிற்றில் துண்டு காயப் போட்டிருந்தார்கள். பழக்கிவிட வரும் பெண் வருகிறாளா என்று கேட்டேன். "இல்ல சார், நிறுத்தியாச்சு" என்றார் அந்த அம்மா. லேப்டாப்பை ஏற்கெனவே துடைத்து, வயரைச் சுற்றி, பழைய புடவைத் துணியில் கட்டி வைத்திருந்தார். ஒப்புதல் சீட்டில் கணவருக்குப் பதிலாக அவரே கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து.

கிளம்பும்போது கேட்டார். கட்டிலில் உட்கார்ந்து, அவருடைய இடது கை மேல் தன் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"கிருபாகரன் சார், இப்பவாச்சும் சொல்லுங்க. எல்லாம்தான் முடிஞ்சு போச்சே. என்ன எழுதியிருந்தாரு?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? மூன்று நாள் தன் வாழ்க்கையையே கொட்டிக் கவிழ்த்துத் தேடின பெண்ணிடம், உன் புருஷன் எதையும் எழுதவில்லை, கைக்கு வந்ததை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான் என்று சொல்லலாமா? அதுவும் அவர் எதிரிலேயே? எனக்கு மனசு வரவில்லை. நல்லதாக ஒரு ஊரைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அதிலும் யோசித்தேன் சார். அந்த அம்மா ஏற்கெனவே சொன்ன ஊராக இருக்கக் கூடாது. சொன்ன ஊராக இருந்தால் அன்றைக்கே திறந்திருக்குமே, ஏன் திறக்கவில்லை என்று கேட்பார். ஒன்பதிலும் சேராத ஊராக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து நல்ல ஊர் ஒன்றுதான். கல்யாணமான புதிதில் நாங்கள் போன ஊர்.

"ஏற்காடு" என்றேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார்.

"ஏற்காடா?"

"ஆமாம்மா."

"நாங்க ஏற்காட்டுக்குப் போனதே இல்லையே சார்."

மெதுவாகத்தான் சொன்னார். பிறகு கணவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது, ஆ ஆ என்று பெரிதாகச் சத்தம் போட்டார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். முகமெல்லாம் சிவந்துவிட்டது. அந்த அம்மாவின் கைக்கு அடியில் அவர் விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. அந்த அம்மா கையை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

காபி போடப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. "வரேம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். சந்தோஷமோ துக்கமோ, சில பேர் தனியாக இருக்கத்தான் விரும்புவார்கள். என்ன இருந்தாலும் அந்த அம்மாவுக்கென்று ஒரு ஊரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வெறும் நான்கு எழுத்துக்கு அது எவ்வளவோ மேல் இல்லையா?

வீட்டுக்காரரா? நான் வாசலைத் தாண்டும் வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தார். கட்டில் சட்டத்தில். அந்தச் சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. நடுக்கம் சார், அந்த வியாதியில் இருக்கும்.

எப்படித் தட்டினாரா? இந்தப் பை மேல் காட்டுகிறேன், பாருங்கள். இது இடது கை. முதலில் சுண்டு விரல். பிறகு மோதிர விரல். நடு விரல். ஆள்காட்டி விரல். கொஞ்சம் நிறுத்துவார். மறுபடி சுண்டு விரலிலிருந்து. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதேதான், திரும்பத் திரும்ப.

என்ன சார், அப்படிப் பார்க்கிறீர்கள்?

இல்லை, நான் டைப்பிங் கற்றுக்கொண்டதே இல்லை. இன்றைக்கும் இரண்டு விரலால்தான் அடிக்கிறேன். ஏன் கேட்கிறீர்கள்?

முதல் பாடமா?

அந்த நான்கு எழுத்துதானா? அதே வரிசையிலா? சுண்டு விரலில் தொடங்கியா?

நீங்கள் படித்தது எந்த ஊரில்? திருக்கோவிலூரிலா. அது வேறு இன்ஸ்டிட்யூட் இல்லையா. வேறு வாத்தியார். ஆத்தூரில் வேறு மாதிரி சொல்லிக் கொடுத்திருக்கலாம். சொல்லிக் கொடுத்திருக்கலாம் இல்லையா?

எல்லா ஊரிலும் அதேதானா சார்?

இந்தப் பையைக் கொஞ்சம் மேலே வைத்துவிடுங்கள்.